குழிக்குள்ளே புருஷன்

என் குரல்தான் எனக்கு முதல் எதிரி. துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டு "புல்" என்று, அதாவது இங்கிலீஷில் இழு என்று, கத்த வேண்டும். அப்போதுதான் எதிரே பூமிக்கடியில் குழிக்குள் உட்கார்ந்திருக்கிற ஆள் மெஷினைத் தட்டிவிடுவார், தட்டு பறக்கும். குழிக்குள் இருப்பவருக்கு மேலே நிற்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். இருபது ஆண்பிள்ளைகள் கத்தினால் எது யார் என்று அவருக்கு என்ன தெரியும்? நடுவில் ஒரே ஒரு பொம்பளை கத்தினால் தெரியாமல் போகுமா? அதுவும் குழிக்குள் இருக்கிறவர் அவளுடைய புருஷனாகவே இருந்துவிட்டால்? சுலபமான தட்டாகப் பார்த்து அனுப்பமாட்டாரா?

இதைத்தான் பத்து வருஷம் என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். முதுகுக்குப் பின்னால் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கவரைப்பேட்டை ரைஸ் மில் பரசுராமன் என் முகத்துக்கு நேராகவே சொல்வார்: "குழிக்குள்ள புருஷன், மேல பொண்டாட்டி. தட்டு ஒடையாம இன்னா பண்ணும்?" சொல்லிவிட்டு ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரிப்பார். நாலு முறை எனக்கு அடுத்த இடத்தில் வந்தவர் வேறு எப்படிச் சிரிப்பார்?

நான் ராஜா வீட்டுப் பெண் இல்லை, ராணுவ அதிகாரி மகளும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையை ஒட்டி குப்புராஜ் முதலாளி ஒரு ஷெட் போட்டிருந்தார். பறக்கவிட்டுச் சுடுகிற தட்டு வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோன காலம். அதை இங்கேயே செய்து கிளப்புகளுக்கு அனுப்பினார். எங்கள் சேரியிலிருந்து பதினாலு பெண்கள் அங்கே வேலைக்குப் போனோம். தார் மாதிரிக் கறுப்பாக இருக்கிற கீலைக் காய்ச்சி, சுண்ணாம்புக்கல் தூளைப் போட்டுக் கிளறி, அச்சில் ஊற்றி எடுத்து, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவோம். சாசருக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு தட்டு. ஷெட் வாசலில் முதலாளி கரியால் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்: வெயிலில் வைக்காதே.

ஒவ்வொரு நாள் சரக்கிலும் பத்துத் தட்டைப் பறக்கவிட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும், சரியாக உடைகிறதா என்று. அதைச் செய்துகொண்டிருந்த ஆள் நின்றுவிட்டான். வெடிச் சத்தத்துக்கு யாருக்குப் பயமில்லை என்று முதலாளி கேட்டார். நான் கையைத் தூக்கினேன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. கீல் கொப்பரை பக்கத்தில் வேகிறதைவிடப் புளியமரத்து நிழலில் நிற்கலாமே என்றுதான். அது அறுபத்திரண்டு. தினம் பத்துத் தோட்டா, ஞாயிறு மட்டும் லீவு. இரண்டு வருஷத்தில் என்னிடமிருந்து தட்டு தப்புவது நின்றுபோனது. முதலாளி என்னைப் போட்டியில் இறக்கிவிட்டார், அவர் சரக்குக்கு விளம்பரம் ஆகட்டும் என்று. முதல் வருஷமே மெட்ராஸிலிருந்து வந்த பெரிய மனுஷர்களெல்லாம் வரிசையாகத் தோற்றார்கள். அறுபத்தாறில் மாநில சாம்பியன். அப்புறம் அறுபத்தேழு, அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு. துப்பாக்கி முதலாளியுடையது. லைசென்ஸ் முதலாளியுடையது. தோட்டாவும் அவருடையதுதான். குறி ஒன்றுதான் என்னுடையது. அதையும் புருஷன் போட்ட பிச்சை என்று சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

என் வீட்டுக்காரர் தாவீது, கடம்பத்தூர் பக்கம் செங்கல் சூளையில் வளர்ந்தவர். இங்கேயும் சூளை வேலைதான். போட்டி நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் குழிக்குள் இறங்குவார். அந்த மெஷினின் இரும்புக் கை சுற்றும் வேகத்துக்கு ஒருத்தன் மணிக்கட்டு முறிந்தே போனது. அதற்குப் பிறகு வேறு யாரும் உள்ளே இறங்கச் சம்மதிக்கவில்லை. போட்டி நடத்துகிற கமிட்டிக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, அவர் இருந்தால் சந்தேகமும் தீராது.

அறுபத்தெட்டில் பரசுராமன் கமிட்டிக்குப் புகாராக எழுதியே கொடுத்துவிட்டார். அதற்கு ராமபத்ரன் சார் ஒரு வழி கண்டுபிடித்தார். திருவள்ளூர்க்காரர், பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், எங்கள் போட்டிகளுக்கு நடுவர். மனுஷர் ஒரு புள்ளி கூட்டியும் போடமாட்டார், குறைத்தும் போடமாட்டார். மிஷன் பள்ளியில் ஒரு பைபிளை வாங்கி, துவைத்த துண்டில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். "தட்டு, குழி, மெஷின். இந்த மூணைப் பத்தியும் ஆம்படையானும் பொண்டாட்டியும் ஆத்திலே ஒரு வார்த்தை பேசப்படாது. சத்தியம் பண்ணுங்கோ" என்றார்.

பண்ணினோம். காப்பாற்றவும் காப்பாற்றினோம். நம்பினால் நம்புங்கள். நான் ஜெயித்துக்கொண்டு வருகிற நாளில்கூட அவர், "பசிக்குதா?" என்பார். நான், "மீன் வாங்கியாந்தியா?" என்பேன். அவ்வளவுதான் எங்கள் கொண்டாட்டம். ஷெட் ஆட்களும் அவரிடம் வாய் கொடுக்கமாட்டார்கள், நமக்கேன் வம்பு என்று. ஆறு வருஷம் இப்படியே போனது.

எழுபத்து நாலு, மே மாசம். அந்த முறை மாநிலப் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு டில்லியில் தேசியத் தேர்வு. அங்கே புருஷனும் இல்லை, முதலாளி தட்டும் இல்லை. எவனோ ஒரு முகம் தெரியாத ஆள் குழிக்குள் இருப்பான். அங்கே நான் சுட்டால் அப்புறம் யார் என்ன பேச முடியும்? மெடலைக்கூட நான் அவ்வளவாக நினைக்கவில்லை. இந்த வாய்களை அடைக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் தட்டைப் பற்றிப் பேசவில்லையே தவிர, டில்லியைப் பற்றி ஓயாமல் பேசினேன். டில்லி குளிருமா, ரயிலில் எத்தனை நாள் என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

முதல் நாள் சாயங்காலம் கோடை மழை கொட்டியது. ஞாயிறு காலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரிக்கரை மைதானத்தில் காலை ஆட்டத்தில் நானும் பரசுராமனும் முதல் இரண்டு இடம். மத்தியானம் எங்கள் இரண்டு பேருக்கும் இறுதி ஆட்டம், ஆளுக்கு இருபத்தைந்து தட்டு. அவர் முதலில் சுட்டார். இருபத்திரண்டு. நான் மனசுக்குள் ரயிலே ஏறிவிட்டேன்.

முதல் எட்டுத் தட்டும் உடைந்தன. ஆனால் உடைந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் தட்டு அடி பட்டால் தூள் தூளாகச் சிதறும். இவை விளிம்பில் ஒரு துண்டு பிய்ந்து விழுந்தன. ஒன்பதாவது தட்டில் தூசி கிளம்பியது. தட்டு முழுசாகப் போய் விழுந்தது. துண்டு பிய்வது கண்ணுக்குத் தெரிந்தால்தான் புள்ளி. "லாஸ்ட்" என்றார் ராமபத்ரன் சார், தட்டு தப்பியது என்று. பதினாலாவது அப்படியே. இருபதாவது அப்படியே. கடைசித் தட்டு மட்டும் மிச்சம், அடித்தால் இருபத்திரண்டு, சமம். "புல்!" அடித்தேன். தோட்டாவின் ரவை பட்டுத் தட்டு அந்தரத்தில் ஒரு துள்ளு துள்ளியதை என் கண்ணால் பார்த்தேன். புகை மாதிரி கொஞ்சம் தூசி. துண்டு விழவில்லை.

"லாஸ்ட்."

எல்லாரும் பரசுராமனை மொய்த்துக்கொண்டிருக்கும்போது நான் நேரே மைதானத்துக்குள் நடந்தேன். சீமைக் கருவேல முள்ளுக்குள் அந்தத் தட்டு கிடந்தது. அதில் ஏழு ஓட்டை. ஏழு! சுத்தமாக ஊசி குத்தினாற்போல. தட்டு இளகியிருந்தது, ரவை உள்ளே புகுந்து போயிருக்கிறதே ஒழிய உடைக்கவில்லை. பத்து வருஷமாக அச்சில் ஊற்றி எடுத்தவளுக்கு இது தெரியாதா? யாரோ வெயிலில் வைத்திருக்கிறார்கள். அதுவும் எனக்கு வந்த தட்டுகளை மட்டும். திருப்பிப் பார்த்தேன். அடி விளிம்பில் வரி வரியாக ஒரு அச்சு பதிந்திருந்தது, பின்னல் மாதிரி.

சாக்கு, என்றது என் மனசு. யாரிடம் சாக்கு உண்டு? ரைஸ் மில்காரனிடம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய டிரைவர் குழிக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்ததையும் பார்த்திருந்தேன். ஒரு ஆம்பளை புதர்ப் பக்கம் எதற்குப் போவான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி, பத்து ஊர்க்காரர்கள் நடுவில் பரசுராமனைப் பிடித்தேன். தாவீது இன்னும் குழியை விட்டு ஏறவில்லை. "சாக்குல வெச்சி வெயில்ல இளக்கிட்டு எனக்கு அனுப்பியிருக்க. ஜெயிக்க வக்கில்லாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. "இன்னாமே ஒளர்ற? நான் குழிப் பக்கமே போவலயே!" என்றார். பத்து வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்த மாதிரியே, அதே குரலில் சொன்னார். எனக்கு அது காதில் ஏறவில்லை. நன்றாக மாட்டினான் என்றுதான் இருந்தது.

ராமபத்ரன் சார் தட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழே கெடக்கற தட்டை வெச்சுண்டு புள்ளி கேக்கப்படாது, அது ரூல். ஆனா தட்டைக் கெடுத்திருந்தா அது வேற விஷயம். தட்டை நீயே வெச்சுக்கோ, புதன்கிழமைக்குள்ளே பேரோட எழுதிக் கொடு. நிரூபணம் ஆச்சுன்னா ஆட்டம் மறுபடி நடக்கும். பண்ணினவன் ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொடமுடியாது."

அன்று வீட்டில் தாவீது பசிக்குதா என்றுகூடக் கேட்கவில்லை. மெஷினிடம் இருந்தது நீதானே, எவனாவது வந்தானா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. சத்தியம் இருக்கிறதே, கேட்கவில்லை. அவர் பாய்கூட விரிக்காமல் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். என் தோல்வி அவரை அவ்வளவு பாதித்திருக்கிறது என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

காலையில் அவர் பல் விளக்கப் போனார். நான் காகிதமும் பேனாவும் எடுத்தேன். 'ஐயா, கவரைப்பேட்டை பரசுராமன் என்பவர்' என்று முதல் வரி மனசில் தயாராக இருந்தது. உட்கார்ந்து எழுதலாம் என்று மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்தேன். கோரைப் பாய். குழிக்குள் இறங்கும்போது உட்காரத் தாவீது கொண்டுபோகிற பாய்.

பாய் முழுக்கக் கறுப்பு வளையங்கள். வரிசைக்கு ஐந்து, ஐந்து வரிசை.

பெட்டியைத் திறந்து அந்தத் தட்டை எடுத்து ஒரு வளையத்தின் மேல் வைத்தேன். சரியாக உட்கார்ந்தது. அடியில் இருந்த வரிகள் சாக்கு இல்லை, கோரை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்குத்தான் கோபத்தில் சாக்காகத் தெரிந்தது.

தாவீது வாசலில் வந்து நின்றார். பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்படியே சுவரோரம் குந்திவிட்டார்.

"ஒரு வாட்டிதான் மேரி" என்றார். "சத்தியத்த ஒடைக்கிறேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். மழையில ஒரு பொட்டி நனைஞ்சிக்கினு இருந்திச்சி. ஈரமா இருந்தா ஒடையாதுன்னு ஒனக்குன்னு இருவத்தஞ்ச எடுத்துக் குழிக்குப் பின்னால வெயில்ல காய வெச்சேன். ஒன் கொரல் கேக்கக் கேக்க அதையே போட்டேன். சூளையில காஞ்ச கல்லு எப்டி, தொட்டா செதறும்ல?"

அவர் கையால் எத்தனை ஆயிரம் தட்டை எடுத்து வைத்திருப்பார்! அத்தனை வருஷமும் அதைச் சுட்ட மண் என்றே நினைத்திருக்கிறார். சூளையில் அதிகமாக வெந்த செங்கல்லும் உள்ளே கறுப்பாகப் பளபளவென்றுதான் இருக்கும். அவருக்கு யார் சொன்னார்கள்? சத்தியத்துக்கு முன்னால் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லக்கூடாது என்று பைபிளில் கைவைத்தவளும் நான்தான்.

"இத்தினி வருஷமா எல்லாரும், தாவீது பொண்டாட்டிக்கு ஒத்தாச பண்றான், ஒத்தாச பண்றான்னு சொன்னானுங்க" என்றார் அவர். "நான் ஒண்ணுமே பண்ணல. பேரு மட்டும் வாங்கிக்கினேன். நீ டில்லி டில்லின்னு தூக்கத்துலகூடப் பேசின. கெட்ட பேரு வாங்குனதுக்கு ஒரே ஒரு வாட்டி நெஜமாவே பண்ணிடலாம்னு தோணிச்சி. அவ்ளோ நல்லா காய வெச்சிக் குடுத்தேன். நீ எப்டி வுட்ட?"

நீ எப்படி விட்டாய் என்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தட்டாலேயே அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அவர் மேல் இருந்த ஆத்திரத்தைவிட அவருடைய கண்ணைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

காகிதம் காலியாகவே கிடந்தது. எழுதாமல் விட்டுவிட்டால் என்ன? புதன்கிழமை தானாகப் போய்விடும். ஆனால் பரசுராமன்? பத்து ஊர்க்காரர்கள் முன்னால் நான் கத்திய கத்தலுக்கு, நான் எழுதிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்த ஆள் மேல் அழுக்கு ஒட்டிக்கொண்டாகிவிட்டது. ஜெயித்துவிட்டுத் தலை குனிந்து நடப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஆளை எனக்குப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. அதற்காக?

பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போனேன். பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, "கோயில்ல தங்கப் போறியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ராமபத்ரன் சார் வீட்டு வாசலில் பாயை விரித்துக் காட்டினேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் வளையங்களை எண்ணினார், முடித்துவிட்டு இன்னொரு முறை எண்ணினார்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே, அம்மா."

"இருந்திருக்கலாம் சார். ஆனா அந்தாளு பேரு கெட்டுப் போச்சே."

"தட்டுக்கு வெயில் ஆகாதுன்னு அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. உங்க வாயைக் கட்டினது நான்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்றாலும் உள்ளே போய் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து, ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதினார். போட்டியாளருக்கென்று தனியாகத் தட்டு ஒதுக்கப்பட்டது நிஜம். அதனால் மேரிக்கும் தாவீதுக்கும் இனி மைதானத்தில் இடமில்லை. பழைய கோப்பைகளைப் பற்றிக் கமிட்டி முடிவு செய்யும்.

"பழசுல ஒண்ணும் இல்ல சார். சத்தியமா இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றார். "மத்தவா நம்பணுமே."

நம்பவில்லை. புதன்கிழமை கமிட்டியில் நாலு கோப்பையையும் திருப்பிக் கேட்டார்கள். பரசுராமன் என் பக்கத்தில் வந்து, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். பத்து வருஷம் பொய்யாக இருந்தது ஒரே நாளில் நிஜமாகிவிட்டது, அதுவும் நான் தோற்ற அன்றைக்கு. வாய்க்கு வந்தபடி திட்டத்தான் நினைத்தேன். திட்டாமல் வெளியே நடந்தேன். அவர் டில்லிக்குப் போனார்.

நான் வீட்டுக்கு வந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. தாவீது மீன் கழுவிக்கொண்டிருந்தார். கமிட்டியில் நடந்ததைச் சொன்னேன். கோப்பை போனதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப சத்தியம் முடிஞ்சிடிச்சா? இனிமே பேசலாமா?"

"பேசலாம்."

ஆறு வருஷம் அடக்கி வைத்திருந்தவர், முதலில் எதைக் கேட்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். கடைசியில் கேட்டார்:

"அந்தத் தட்ட இன்னாத்தால பண்றாங்க மேரி?"

கீல் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் அவருக்கே எல்லாம் விளங்கிவிடும். மீன் வாடை அடிக்கும் அந்தக் கைகளை அவர் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"மண்ணுலதான்" என்றேன். "வேற எதுல பண்ணுவாங்க?"

"அப்ப நான் காய வெச்சது சரிதான?"

"சரிதான். எனக்குத்தான் அன்னிக்கி குறி தப்பிடிச்சி."

பத்து வருஷம் எவனுக்கும் விட்டுக்கொடுக்காத குறி அது. அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அதைத் தோற்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"வுடு மேரி. எல்லாத் தட்டையுமா அடிக்க முடியும்?" என்றார்.

'அடிச்சேன், ஏழு ஓட்டை' என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, மிச்ச மீனை எடுத்துக் கழுவ உட்கார்ந்தேன்.